‘தமிழ்’ என்றால் மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் ஐந்து.

சென்ற வருடம் ஒரு சனிக்கிழமை. நான் உதவிக்குப் போகிற தமிழ்ப் பள்ளியில் ஆண்டுத் தேர்வு முடிவுத் தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தாளை வாங்கிக்கொண்டு போய், பாதி தூரத்தில் நின்று வாசித்துவிட்டு, திரும்பி வந்து என்னிடம் நீட்டியது.

“மாமா, என்ர பேர் முடியேல்லை.”

பெயரை மாற்றிச் சொல்கிறேன். அபிராமி சிவசுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளில் இருந்தது ‘அபிராமி சிவசுப்பிரமண’. கடைசி இரண்டு எழுத்தும் போய், அதற்கு முன்னால் இருந்த ‘ணி’யின் விசிறியும் பறந்து, வெறும் ‘ண’ நின்றது. அதற்கு அடுத்தே மதிப்பெண் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு 92. அம்மம்மா பக்கத்தில் நின்று சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை.

அந்தத் தாளை அச்சடித்த நிரலை எழுதியவன் நான். பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவன், பதினொரு வருடமாக இதே வேலையில் சோறு தின்கிறவன். வெள்ளி இரவு ஒரு மணி நேரத்தில் எழுதிய நிரல். பெயருக்கு 20 இடம் ஒதுக்கினேன். பெயர் சின்னதாக இருந்தால் பின்னால் இடைவெளி போட்டு 20 ஆக்க ஜாவாஸ்கிரிப்டின் பேட்எண்ட். பெயர் பெரிதாக இருந்தால் 20இல் வெட்ட ஸ்லைஸ். இரண்டே வரி. என் ஆங்கிலப் பெயரைப் போட்டுச் சோதித்தேன். அழகாக வந்தது. படுத்துவிட்டேன்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அ, பி, ரா, மி: நாலு. ஒரு இடைவெளி. சி, வ, சு, ப், பி, ர, ம, ணி, ய, ம்: பத்து. மொத்தம் 15. நான் கொடுத்தது 20 இடம். பெயர் முழுதாகப் பொருந்தி, ஐந்து இடம் மிஞ்சியிருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிடம் அதே பெயரின் நீளத்தைக் கேட்டால் 24 என்கிறது. 24 ஏற்கெனவே 20ஐ விடப் பெரிது என்பதால் பேட்எண்ட் ஒன்றுமே செய்யாமல் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வரியில் இருந்த ஸ்லைஸ் கத்தியைப் போட்டது.

எப்படி 24? ஜாவாஸ்கிரிப்ட் ஒரு ஸ்ட்ரிங்கின் நீளம் என்று சொல்வது எழுத்துகளின் எண்ணிக்கையை அல்ல, யுடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தின் அலகுகளை. யூனிகோடில் ‘பி’ என்பது ‘ப’ ஒன்று, விசிறி ஒன்று என இரண்டு அலகு. ‘ம்’ என்பது ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு த, ம, விசிறி, ழ, புள்ளி என ஐந்து. எங்கள் மொழியின் பெயரையே அதனால் சரியாக எண்ண முடியவில்லை.

அந்தப் பிள்ளையின் வகுப்பில் கட்டம் போட்ட கொப்பி ஒன்று உண்டு. உங்களில் பலர் அதில்தான் எழுதப் பழகியிருப்பீர்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. ‘ணி’யை இரண்டு கட்டத்தில் எழுதினால் ரீச்சர் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவார். அந்தக் கொப்பியில் ஒரு சொல்லை எழுதிவிட்டு மிச்சக் கட்டங்களை வெறுமையாக விடுவதுதான் பேடிங். வேறு ஒன்றுமே இல்லை. ஏழு வயதுப் பிள்ளை பிழையில்லாமல் செய்கிற வேலையை, உலகத்தில் அதிகம் ஓடுகிற மொழிகளில் ஒன்றின் உள்ளமைந்த ஃபங்ஷன் பிழையாகச் செய்கிறது. நாங்கள் பிள்ளைக்குச் சிவப்புப் பேனை பிடிக்கிறோம். கணினிக்குப் பிடிப்பதில்லை.

இதை என் வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் தமிழர்தான். “அண்ணா, அது பிழை இல்லை, ஸ்பெக்கில் அப்படித்தான் எழுதியிருக்கு” என்றார். தெரியும். ஸ்பெக்கை நானும் வாசித்திருக்கிறேன். ஸ்பெக்கில் எழுதியபடி ஒரு பிள்ளையின் பெயர் வெட்டுப்படலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. என் கோபம் ஸ்பெக் எழுதியவர்களோடு அவ்வளவு இல்லை. தமிழில் பேடிங் செய்ய வழி கேட்கிற ஒவ்வொரு இளம் பிள்ளைக்கும் “பேட்எண்ட் போடு, முடிந்தது” என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்கிற எங்களோடுதான். நானும் பல வருடம் அப்படிச் சொன்னவன்.

இந்தச் சின்ன ஃபங்ஷனுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 மார்ச் 22. ஜாவாஸ்கிரிப்டில் அப்போது உள்ளமைந்த பேடிங் கிடையாது. என்பிஎம் களஞ்சியத்தில் லெஃப்ட்-பேட் என்று 11 வரி நிரல் ஒன்று இருந்தது. ‘கிக்’ என்ற பெயர் யாருக்கு என்று அதை எழுதியவருக்கும் ஒரு நிறுவனத்துக்கும் தகராறு. என்பிஎம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்ததும், அவர் தான் எழுதிய 273 தொகுப்புகளையும் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று இந்த 11 வரி. பேபல், ரியாக்ட் போன்ற பெரிய திட்டங்களே அதன்மேல் நின்றுகொண்டிருந்தன. உலகம் முழுக்க பில்ட் உடைந்தது. சில மணி நேரத்தில் என்பிஎம் அந்தத் தொகுப்பைத் தானாகவே திருப்பிப் போட்டது, பிறகு நினைத்தபடி எடுக்க முடியாதவாறு விதியையும் மாற்றியது.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: பதினொரு வரிக்கு அடுத்தவனை நம்பாதே. சரி. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அந்த 11 வரியைத் திறந்து பாருங்கள். உள்ளே அதே நீளக் கணக்குத்தான் இருக்கிறது. கேட்ட நீளத்திலிருந்து ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கழி, மிச்சத்துக்கு இடைவெளி போடு. அவ்வளவு பேர் பாவித்த நிரல். அது உடைந்த அன்று அதைப் பற்றி அவ்வளவு பேர் எழுதினார்கள். சார்பு பற்றிப் பேசினார்கள், உரிமை பற்றிப் பேசினார்கள், வேகம் பற்றிக்கூடப் பேசினார்கள். அது எதை எண்ணுகிறது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

2017இல் பேட்ஸ்டார்ட்டும் பேட்எண்டும் மொழிக்குள்ளேயே வந்தன. முன்மொழிவு லெஃப்ட்-பேட் கூத்துக்கு முன்பே இருந்தது. முதலில் அதன் பெயர் பேட்லெஃப்ட், பேட்ரைட். அரபும் ஹீப்ருவும் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் ‘இடது’, ‘வலது’ என்ற சொற்கள் பொருந்தாது என்று ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று மாற்றினார்கள். நல்ல காரியம். பெயர் வைக்கும்போது வேற்று எழுத்துமுறைகள் நினைவுக்கு வந்திருக்கின்றன. எண்ணும்போது வரவில்லை.

இமோஜி வந்த பிறகுதான் ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கும் இது சுட்டது. ஒரு சிரித்த முகத்தின் நீளம் 2. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் இருக்கிற குடும்ப இமோஜியின் நீளம் 11. அதைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள், சிரித்தார்கள், கட்டுரை எழுதினார்கள். எங்கள் ‘கி’ 1991இல் யூனிகோட் தொடங்கிய நாளிலிருந்தே இரண்டுதான். அதற்கு யாரும் சிரிக்கக்கூட இல்லை.

இன்னொரு வேடிக்கை. நிரப்புவதற்கு இடைவெளிக்குப் பதிலாக நீங்கள் ஒரு தமிழ் எழுத்தைக் கொடுக்கலாம். ‘அ’வை 4 நீளத்துக்கு ‘கி’யால் நிரப்பச் சொல்லுங்கள். வருவது ‘அகிக’. இரண்டாவது ‘கி’க்கு இடம் போதவில்லை என்று பாதியை வைத்துவிட்டு, விசிறியை எறிந்துவிடும். நிரப்புகிற ஃபங்ஷனே எழுத்தை வெட்டுகிறது.

‘கொ’வின் கதை இதைவிட மோசம். அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வும் ஒற்றைக் குறியான ‘ொ’வும் என்றால் நீளம் 2. ‘க’, கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்து வைத்தால் நீளம் 3. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்த விசைப்பலகை, எந்த மென்பொருள் வழியாக வந்தது என்பதைப் பொறுத்து எது வருகிறது என்பது மாறலாம். ஒரே பெயர் இரண்டு இடத்திலிருந்து வந்தால் இரண்டு நீளம். இதற்கு மருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன். அது 2015இலேயே மொழிக்குள் வந்துவிட்டது.

சரி, பேட்ஸ்டார்ட்டை முழுக்க எறியச் சொல்கிறேனா? இல்லை. எண்களுக்கு அது தங்கம். காலை ஒன்பது ஐந்தை 09:05 என்று காட்ட, பற்றுச்சீட்டு இலக்கம் 42ஐ 00042 ஆக்க, தாராளமாகப் பாவியுங்கள். எண்ணை முதலில் ஸ்ட்ரிங் ஆக்க மறக்காதீர்கள், எண்ணுக்கு அந்த ஃபங்ஷன் கிடையாது. கழித்தல் எண்ணில் கவனம்: -5ஐ மூன்று இடத்துக்குச் சுழியத்தால் நிரப்பினால் 0-5 என்று வரும். தமிழ் இலக்கங்களுக்கும் அது வேலை செய்யும், அவை ஒவ்வொன்றும் ஒரே அலகு என்பதால். (தமிழ்ச் சுழியம் யூனிகோடுக்குள் வந்ததே 2005இல்தான். அது தனிக் கதை.)

பேடிங் என்பது வெறும் அலங்காரம், பிழைத்தால் வரிசை கொஞ்சம் கோணலாகத் தெரியும், அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் பிரித்தானியாவில் சம்பளக் கோப்புகளோடு வேலை செய்தவன். இங்கே சம்பளம் பெரும்பாலும் பாக்ஸ் என்ற முறையில்தான் வங்கிக்குப் போகிறது. அதன் கோப்பில் காற்புள்ளி கிடையாது. ஒவ்வொரு தகவலும் வரியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அடையாளம். கணக்கு இலக்கம் 8 இடம். தொகை 11 இடம், பென்ஸில். 1,250 பவுண்ட் என்றால் 00000125000. ஏழு இலக்கக் கணக்கு ஒன்றுக்குச் சுழியத்தை முன்னால் போட்டால் அந்த ஆளின் கணக்கு. பின்னால் போட்டால் வேறு ஒருவருடைய கணக்கு. ஒரு பக்கம் மாறினால் ஒருவருடைய வீட்டு வாடகை போய்விடும்.

அதே கோப்பில் பெயருக்கு 18 இடம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் இலக்கமும் சில குறிகளும் மட்டும். எங்கள் அப்பாமாரின் பெயர்கள் அதற்குள் அடங்குவது அபூர்வம். சம்பளச் சீட்டில், வங்கித் தாளில், மருத்துவ அட்டையில் வால் அறுந்த பெயர்களோடுதான் எங்கள் வீடுகளில் எல்லோரும் வாழ்ந்தார்கள். என் அப்பாவின் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களில் ஐந்து விதமாக வெட்டுப்பட்டு வரும். சின்னதில் எனக்கும் தங்கச்சிக்கும் அது பகிடி. அப்பா ஒன்றும் சொன்னதில்லை. அந்த வெட்டு ஆங்கில எழுத்தில், அடுத்தவன் வகுத்த கோப்பில் நடந்தது. முடிவுத் தாளில் நடந்த வெட்டு தமிழ் எழுத்தில், தமிழ்ப் பள்ளியில், தமிழன் எழுதிய நிரலில் நடந்தது. எனக்கு அன்றைக்கு இரவு நித்திரை வராததற்கு அதுதான் காரணம்.

இனி, என்ன செய்யலாம்?

ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே இன்டல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரிங்கை வாசகர் பார்க்கிற எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். குரோம் 2020இலும் சஃபாரி 2021இலும் அதை ஏற்றன. ஃபயர்ஃபாக்ஸ் 2024 வரை இழுத்தடித்தது, ஆனால் வந்துவிட்டது. ஆகவே “எல்லா உலாவியிலும் இல்லை” என்ற பழைய சாட்டு இனி எடுபடாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெயரை நார்மலைஸ் பண்ணுங்கள். கிராஃபீம் அளவில் பிரிக்கும்படி ஒரு செக்மென்டர் உருவாக்குங்கள். துண்டுகளை எண்ணுங்கள். வேண்டிய நீளத்திலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் சுழியத்தை விடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை ரிபீட் மூலம் அத்தனை தரம் திருப்பிப் பின்னால் ஒட்டுங்கள். வெட்ட வேண்டுமானால் துண்டுகளின் பட்டியலில் வெட்டுங்கள், ஸ்ட்ரிங்கில் ஒருநாளும் வெட்டாதீர்கள். ஏழெட்டு வரி வரும். இதற்கு ஒரு தொகுப்பு நிறுவாதீர்கள், தயவுசெய்து. 2016இல் என்ன நடந்தது என்று இப்போதுதானே சொன்னேன்.

‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’வையும் செக்மென்டர் இரண்டிரண்டாகத்தான் பிரிக்கும். ‘ஸ்’, ‘ரீ’ என்று. எனக்கு அது பரவாயில்லை. உங்களுக்குப் பரவாயில்லையா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். குறைந்தது புள்ளி தனியாக அறுந்து விழாது.

“வேகம் குறையுமே” என்பார்கள். குறையும். வகுப்பில் 40 பிள்ளைகள். நாற்பது பெயருக்கு ஆகிற நேரத்தில் நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்ட முடியாது. இருபது லட்சம் பெயர் அச்சடிக்கிற நாளில் என்னிடம் வாருங்கள், அப்போது கதைப்போம்.

“பேட்எண்டையே திருத்தச் சொல்லு” என்றார் இன்னொருவர். முடியாது, கூடாது. பழைய நிரல் எத்தனையோ அதன்மேல் நிற்கிறது. அலகுக் கணக்கை எதிர்பார்க்கிற இடங்களும் உண்டு. அதை விட்டுவிடுங்கள், அது அதன் வேலையைச் செய்யட்டும். தமிழுக்கு அதைக் கூப்பிடாமல் இருப்பது உங்கள் கையில்.

திரையில் நிரலை வரிசையாக நிறுத்துவதற்காகத்தான் பேடிங் செய்கிறீர்கள் என்றால், எழுத்தைச் சரியாக எண்ணினாலும் உங்களுக்கு வரிசை வராது. ‘ர’ ஒல்லி, ‘மௌ’ மூன்று பேர் உட்காருகிற வாங்கு. ஆங்கிலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருகிற எழுத்துரு உண்டு, தமிழ் அதற்குள் அடங்காது. வலைப்பக்கத்திலோ, தொடர்ந்து வரும் இடைவெளிகளை உலாவி ஒன்றாகச் சுருக்கிவிடும், நீங்கள் போட்டதே தெரியாது. அங்கே அட்டவணை போடுங்கள், அல்லது சிஎஸ்எஸ் கிரிட். இடைவெளி தட்டி வரிசை பிடிக்கிற பழக்கம் தட்டச்சு இயந்திரக் காலத்தது. நானும் அதைத்தான் செய்தேன் என்பது வேறு விஷயம். என் முடிவுத் தாளுக்குப் பேட்எண்டே தேவைப்பட்டிருக்கவில்லை.

வேறு நிரலுக்குக் கொடுக்கிற கோப்பு என்றால், வாங்குகிறவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 20 என்றால் எதில் 20? எழுத்தா, அலகா, பைட்டா? யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ் அலகு மூன்று பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஒன்றும் சொல்லாமல் 20 என்று நிரலை உருவாக்கினால் வழக்கமாக அது 20 பைட். ‘அபிராமி’ என்ற நாலு எழுத்துப் பெயர் ஏழு அலகு, 21 பைட். உள்ளே போகாது. நாலு எழுத்துப் பெயருக்கு இருபது இடம் போதவில்லை என்று ஒரு தரவுத்தளம் சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பிமார், தங்கச்சிமாருக்கு ஒன்று. உங்கள் ப்ராஜெக்டில் சோதனைக்கு என்ன பெயர் போடுகிறீர்கள்? ஜான், ஆலிஸ், பாப். நானும் அதைத்தான் போட்டேன். பிறந்ததிலிருந்து எங்கள் பெயரைப் பிழையாக உச்சரிக்கிறார்கள் என்று புலம்புகிற நாங்கள், சொந்த நிரலைச் சோதிக்கும்போது சொந்தப் பெயரைப் போடுவதில்லை. அப்பாவின் முழுப் பெயரைத் தமிழில் போட்டு ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். ‘கொ’வும் ‘ஸ்ரீ’யும் இருக்கிற பெயர் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பத்து நிமிடம் போதும். என்ன உடைகிறது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், உண்மையாகவே வாசிப்பேன்.

பள்ளியின் தாள்களை அடுத்த சனிக்கிழமை மறுபடி அச்சடித்துக்கொண்டு போனேன், இந்த முறை அட்டவணையில். பிள்ளை தன் தாளை மேசையில் வைத்து விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணியது. பதினாலு. இடைவெளியை எண்ணவில்லை, சரிதானே.

நிரலில் இன்னும் ஒரு பிழை மிச்சம் இருக்கிறது. பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களை எக்செலுக்கு அனுப்பும்போது முன்னால் இருக்கிற சுழியம் விழுந்துவிடுகிறது. யாராவது ஒருவருக்கு ஒரு மாலை நேரம் இருந்தால் சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன்.